காவல் போன பிறகே கம்பி போகிறது: பொதுச் சொத்துத் திருட்டு பற்றி நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் விவசாயிகள் கூடுகிற இடத்தில், டீக்கடையில், கிராம சபையில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. மோட்டார் ஒயர், மடை ஷட்டர், ஆற்று மணல் என்று ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகிறது. அரசியல் கெட்டுப்போனதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே ஊர் ஊராக நடப்பது அங்கே ஒரு நாடு முழுக்க நடந்தது.

பொதுச் சொத்துத் திருட்டு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் காப்பரும் ஆயிலும், பம்புசெட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயர், காற்றாலைக் கேபிள், குளத்து மடையின் ஷட்டரும் அதைத் தூக்கி இறக்கும் திருகுக் கம்பியும், தெருவிளக்கு, சாக்கடை மூடி, ரயில்வே சிக்னல் கேபிள். அப்புறம் ஆற்று மணல். மணல் இயற்கைச் செல்வம்தானே, அது எப்படிக் கட்டமைப்பாகும் என்று சிலர் கேட்பார்கள். தாமிரபரணிப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளில்தான் பல ஊர்களுக்குக் குடிநீர் ஊறுகிறது. சுற்றியிருக்கும் மணல் போய்விட்டால் அந்தக் கிணறு வெறும் சிமெண்டுக் குழாய்.

சிமெண்டைக் குறைத்துக் கட்டிய வாய்க்கால் சுவரையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். இரவில் அறுத்துக்கொண்டு போனாலும் பகலில் பில் போட்டு எடுத்தாலும் ஊருக்கு நட்டம் ஒன்றுதான்.

ஒயரைத் திருடி அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது?

திருடுகிறவனுக்குக் கிடைப்பது கொஞ்சம். பறிகொடுக்கிறவருக்குப் போவது அதைப்போலப் பல மடங்கு.

காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் மோட்டார் ரூம் பூட்டு அறுபட்டுக் கிடப்பதைப் பார்ப்பார். ஸ்டார்ட்டர் பெட்டி திறந்திருக்கும். நீர்மூழ்கி மோட்டார் என்றால் கிணற்று வாயோடு கேபிளை வெட்டியிருப்பார்கள். மேலே வைத்த மோட்டார் என்றால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வைண்டிங்கையே உருவியிருப்பார்கள். கொஞ்சம் தள்ளி உடைமுள் காட்டுக்குள் போய்ப் பார்த்தால், ஒயரின் மேல்தோலை எரித்த இடம் கருகிக் கிடக்கும், பிளாஸ்டிக் நெடி போயிருக்காது. அந்தக் காப்பர் சாக்கில் ஏறிப் பழைய இரும்புக் கடைக்குப் போனால் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கிடைக்கும்.

இந்தப் பக்கம் விவசாயிக்குப் புதுக் கேபிள், வைண்டிங் கூலி, மோட்டாரை டவுனுக்கு ஏற்றி இறக்கும் வண்டி வாடகை என்று செலவு. கூடவே தண்ணீர் இல்லாமல் நிற்கும் பயிர். களக்காடு, ஏரல் பக்கம் வாழை போட்டவர்களைக் கேளுங்கள். குலை தள்ளுகிற சமயத்தில் வாழை காய்ந்தால் காய் திரளாது, வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். பொருள் கிடைப்பது அபூர்வம். ஒரு தடவை பறிகொடுத்தவர் அடுத்த போகத்திலிருந்து மோட்டார் ரூமிலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். அறுபது வயதில், பாம்பு நடமாடுகிற தோட்டத்தில், ஒரு ஒயருக்குக் காவலாக. இதை எந்த நட்டக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

வறுமைதானே காரணம்?

சில்லறைத் திருட்டில் வறுமையும் குடியும் உண்டு. ஆனால் டிரான்ஸ்பார்மரை இறக்கிக் காப்பர் எடுக்க லைனில் கரண்ட் எப்போது இருக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். ஷட்டர் கம்பியை அறுக்க கேஸ் கட்டர் வேண்டும், ஏற்ற வண்டி வேண்டும், வாங்க ஆள் வேண்டும். மணலுக்கு ஜேசிபியும் டிப்பரும் வேண்டும். பசித்தவனிடம் ஜேசிபி கிடையாது. தொழில் தெரிந்த கையும், முதல் போடுகிறவரும், கண்டுகொள்ளாத அதிகாரியும் ஒரே வரிசையில் நின்றால்தான் இது நடக்கும்.

தென்னாப்பிரிக்காவில் என்னதான் நடந்தது?

நமக்கு அது முற்றிலும் அந்நிய நாடில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்து மண்டேலா அதிபரானார். அப்போது வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில்தான் மின்சாரம் இருந்தது. புதிய அரசு லட்சக்கணக்கான வீடுகளுக்கு லைன் இழுத்தது. அது பெரிய சாதனை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1998-லேயே அரசின் எரிசக்திக் கொள்கை அறிக்கை, புது மின்நிலையம் கட்டாவிட்டால் 2007 வாக்கில் மின்சாரம் போதாது என்று எழுதி வைத்தது. கட்டவில்லை. 2007 கடைசியில் மின்வெட்டு தொடங்கியது. 2023-ல் முன்னூறு நாளுக்கு மேல் மின்வெட்டு.

இடையில் பெரிய இடத்துக் கொள்ளை. நீதிபதி சோண்டோ தலைமையிலான விசாரணை ஆணையம் 2018-ல் தொடங்கி 2022-ல் அறிக்கைகளை வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூரிலிருந்து போன குப்தா சகோதரர்களும், அதிபர் ஜேக்கப் சூமாவின் ஆட்சியும், அரசு நிறுவனங்களும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று அதில் விரிவாக இருக்கிறது. சரக்கு ரயில் நிறுவனமான டிரான்ஸ்நெட் 1,064 எஞ்சின் வாங்கிய பேரம் சுமார் 3,860 கோடி ராண்டிலிருந்து 5,450 கோடி ராண்டாக ஏறியது. அந்த எஞ்சின்களில் பல பின்னால் உதிரிபாகம் கிடைக்காமல் நின்றன.

அப்புறம்தான் சில்லறைக் கொள்ளை. பயணிகள் ரயில் நிறுவனமான பிராசாவில் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் முறைகேடாகப் போடப்பட்டவை என்று 2019 கடைசியில் நிறுத்தப்பட்டன. மாற்று ஏற்பாடு சரியாக இல்லை. 2020 ஊரடங்கில் ரயிலும் நின்றது. சில மாதத்தில் மேலே ஓடும் மின்கம்பி, சிக்னல் பெட்டி, தண்டவாளம், ஸ்டேஷன் கூரை, கடைசியில் சுவர்ச் செங்கல் வரை போயின. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஸ்டேஷன்கள் பல வெறும் எலும்பாக நின்றன.

இந்த வரிசையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். முதலில் மேலே இருந்தவர்கள் எடுத்தார்கள். பிறகு காவல் போனது. கம்பி அதற்குப் பிறகுதான் போனது.

கறுப்பர் கையில் போனதால்தான் கெட்டது, வெள்ளைக்காரன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார்களே? நம் ஊரிலும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டே?

உண்டு. சுலோசன முதலியார் பாலத்தில் நின்றுகொண்டே, "வெள்ளைக்காரன் கட்டினது பாரு, இன்னைக்கும் நிக்கி" என்று சொல்கிறவரைப் பார்த்திருக்கிறேன். நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே 1843-ல் அந்தப் பாலம் வந்தது, கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டதால். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழும் வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தில், 1870களில் வந்தது. கட்டவும் காக்கவும் நமக்குத் தெரியாது என்பது பொய்.

தென்னாப்பிரிக்காவிலும் பழைய ஆட்சியின் மின்சாரமும் ரயிலும் சிறுபான்மை வெள்ளையருக்கும் சுரங்கத்துக்கும் ஓடின. நாட்டில் பெரும்பகுதி மக்களை இருட்டில் வைத்துவிட்டு ஒரு பகுதிக்கு ஒழுங்காக லைன் ஓட்டுவது நல்ல நிர்வாகம் ஆகாது. அங்கே கெட்டது தோலின் நிறத்தால் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அதிகார அமைப்பு ஒன்று இருந்தது, விடுதலைக்குப் பிறகு வந்தவர்கள் அதில் ஆளை மாற்றி உட்கார்ந்தார்கள். மக்கள் அதைப் பார்க்காமல் இல்லை. 2004 தேர்தலில் ஏறக்குறைய 70 சதவீதம் வாங்கிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், 2024 மே தேர்தலில் 40 சதவீதத்துக்கு இறங்கி முதல் முறையாகப் பெரும்பான்மையை இழந்தது.

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தந்திக்கம்பி அறுத்தவர்களைத் தியாகி என்கிறோம். இன்றைக்கு அறுப்பவன் மட்டும் திருடனா?

இளவட்டங்கள் கேட்கிற கேள்வி இது. நல்ல கேள்வி. 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தபோது நெல்லையில் ஜனங்கள் நகராட்சி அலுவலகத்துக்கும் தபால் ஆபீசுக்கும் தீ வைத்தார்கள். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடம் நம்முடையதாக இல்லை. நம் வரியில் கட்டி, நம்மை அடக்க வைத்திருந்த கட்டடம். எரித்தவர்கள் பட்டப்பகலில் எரித்தார்கள், அதற்கான தண்டனையை வாங்கினார்கள், சாம்பலை விற்றுக் காசு பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சர்க்கார் சொத்து என்றால் அந்நியன் சொத்து என்கிற மனசு சுதந்திரத்தோடு போய்விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1980களில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோ மாதிரி இடங்களில் வீட்டு வாடகையும் கட்டணமும் தர மாட்டோம் என்று போராடினார்கள். அது நிறவெறிக்கு எதிரான ஆயுதம். விடுதலைக்குப் பிறகு, இனி கட்டுங்கள், இது உங்கள் அரசு என்று சொல்ல 1995-ல் 'மசகானே' என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை. அரசு தன் சொத்து என்று ஜனங்களுக்குத் தோன்ற, அந்தச் சொத்தில் அவர்கள் பேச்சு எடுபட வேண்டும். அதை இங்கேயும் கொடுக்கவில்லை, அங்கேயும் கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் அந்தக் காவல் எப்போது போனது?

ஒரே நாளில் போகவில்லை.

முன்பெல்லாம் குளத்துக்கரையில் மண் அணைப்பது, வாய்க்கால் தூர் வாருவது எல்லாம் ஊர் வேலை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். மடை பார்க்கிற நீர்ப்பாய்ச்சிக்குக் களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள். கம்பெனி ஆட்சியில் வரி மட்டும் ஒழுங்காகப் போனது, ஊர் கையில் மிஞ்சுவது குறைந்தது, மராமத்தும் குறைந்தது. உடனே 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வேலைக்கு வராதவனுக்கு அபராதம். முடிவெடுப்பது பொதுப்பணித்துறை, வெட்டுவது ஊர்க்காரன் என்றானது. அந்த வேலையும் ஊரில் எல்லோர் தலையிலும் சமமாக விழவில்லை, எளிய சாதிக்காரர்கள் தலையில்தான் விழுந்தது. பழைய முறையைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பாசனச் சங்கங்களுக்கு அதிகாரம் தருகிற சட்டம் 2000-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் சங்கத் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது. சில குளங்களில் உண்மையாக வேலை நடந்தது, பல இடத்தில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே செய்தார்.

இதன் விளைவை எந்தக் குளத்து மடையிலும் பார்க்கலாம். ஷட்டரைத் தூக்கும் சக்கரம் இருக்காது. திருகுக் கம்பி பாதியில் அறுத்த மாதிரி நிற்கும். தண்ணீரை நிறுத்த மணல் மூட்டையும் வைக்கோலும் வைத்து அடைத்திருப்பார்கள், இடுக்கு வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும். மடைக்கு ஒரு ஆள் இருந்த காலத்தில் அந்தச் சக்கரத்தின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. இன்றைக்குச் சக்கரம் காணாமல் போனது எப்போது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

உள்ளாட்சித் தேர்தலுக்கும் கம்பித் திருட்டுக்கும் என்ன தொடர்பு?

நேரான தொடர்பு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. திருநெல்வேலியும், அதிலிருந்து 2019-ல் பிரிந்த தென்காசியும் அதில் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களில் சேர்ந்தவை. இங்கே 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். நெல்லை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில்.

அதாவது ஐந்து வருஷம் இந்த இரண்டு மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் ஒருவர் கையெழுத்தில் எல்லாம் ஓடியது. தெருவிளக்கு போனாலும், மேல்நிலைத் தொட்டி மோட்டாரில் ஒயர் போனாலும் நேரில் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு முகம் இல்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் ஊராட்சி என்றால் என்ன என்றே பார்க்காமல் பதினெட்டு வயதைத் தாண்டினார்கள். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. வழக்கு, வரையறை, மறுவரையறை என்று ஒவ்வொரு கட்சியும் தனக்கு வசதியான நேரத்துக்குத் தள்ளியது. 1986-க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996-ல்தான் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

மணல் கொள்ளையைத் தடுக்க முடியுமா, முடியாதா?

முடியும் என்று காட்டியவர் நம் பக்கத்துக்காரர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் இரா. நல்லகண்ணு மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டுத் தானே வாதாடினார். 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. குவாரி நின்றது.

ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம் விஜயநாராயணம் காவல் நிலையத்துத் தனிப்பிரிவுக் காவலர் ஜெகதீஷ் துரை, நம்பியாற்றுப் பக்கம் மணல் கடத்தலைத் தடுக்கப்போன இடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரல் 25-ல் முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் இருவருக்கு அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வேகமாக வந்தது நல்லது. ஆனால் புகார் கொடுத்தவரைத் தனியாக விட்டது எது என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை. இந்த இரண்டு பேரும் சம்பளத்துக்கு மேலே ஒரு காவலைச் செய்தவர்கள். அவர்கள் பெயரை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்து வளர வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அன்றைக்குப் பெய்தது எந்தக் கரையையும் சோதிக்கிற மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலே நின்றுபோய்ச் சுமார் எண்ணூறு பேர் சிக்கினார்கள். எல்லாவற்றையும் திருட்டின் தலையில் போடுவது நேர்மையில்லை. ஆனால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்கு அடைந்து, மடை திறக்க முடியாமல், கரை தேய்ந்து கிடக்கிற குளம் இப்படிப்பட்ட மழையில் உடைவது உறுதி. ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கிற அடுத்த குளத்தின் கரையில் போய் மோதும்.

சட்டம் போதுமா?

தாராளமாக இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-ன் 136-ஆம் பிரிவில் மின்கம்பி, மின்சாதனத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. பாசனக் கட்டுமானத்தைச் சேதப்படுத்தினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 317. தென்னாப்பிரிக்காவில் முக்கியக் கட்டமைப்பைச் சேதப்படுத்தினால் முப்பதாண்டு வரை உள்ளே போடலாம் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. பிராசா ஸ்டேஷன்கள் உருவப்பட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேமரா வைத்தால்?

வையுங்கள். கேமராவும் திருட்டுப் போகும்.

பழைய இரும்புக் கடைகளைக் கட்டுப்படுத்தினால் போதாதா?

பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. விற்க வருகிறவரின் ஆதார் நகல், வண்டி எண், எடை, தேதி எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். எரித்த காப்பரை வாங்கவே கூடாது, எரித்துக் கொண்டுவருகிறவன் எதையோ மறைக்கிறான். ஆனால் கடையை மட்டும் நெருக்கினால் சரக்கு வேறு வழி தேடும். தென்னாப்பிரிக்கா 2022 நவம்பர் கடைசியில் காப்பர், இரும்புப் பழையதை ஏற்றுமதி செய்யவே தடை போட்டு, பிறகு நீட்டித்தது. கேபிள் திருட்டு அதோடு ஒழிந்துவிடவில்லை. நேர்மையாகக் கடை நடத்துகிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவைத்துப் பேசினால் யார் எதைக் கொண்டுவருகிறான் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

பழைய காலத்துக் காவல் முறையைத் திரும்பக் கொண்டுவரலாமே?

நம் சீமையில் ஊர்க்காவலுக்கு ஒரு விதி இருந்தது. திருட்டுப்போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு தரவேண்டும். பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. 1801-ல் பாளையங்களை ஒடுக்கிச் சீமையைக் கையில் எடுத்த கம்பெனி, காவலையும் தன் கைக்குக் கொண்டுபோனது. ஆனால் காவலும் மிரட்டலும் ஒரே கையில் இருந்த ஊர்களும் உண்டு. காவல் கூலி தர மறுத்தவன் மாடுதான் முதலில் காணாமல் போகும். சாதியைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுக்கிற முறையை இன்றைக்கு யாரும் கேட்கக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு விதியைத்தான்: பெயர் சொல்லி ஒரு ஆள், பொருள் போனால் பதில் சொல்ல வேண்டிய ஆள்.

நான் ஒரு சாதாரண ஆள். என்ன செய்ய முடியும்?

உங்கள் ஊர்ச் சொத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மடை, எதில் ஷட்டர் இருக்கிறது, எத்தனை டிரான்ஸ்பார்மர், எத்தனை மோட்டார், எந்தத் தொட்டி. செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். திருட்டுப் போனதை நிரூபிக்க, முன்பு இருந்தது என்பதற்கு முதலில் சாட்சி வேண்டும். பெரும்பாலான ஊரில் அதுதான் இல்லை.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம், மடைப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். அந்தப் பட்டியலைத் தீர்மானத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொத்துக்கும் பார்க்க வேண்டியவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். குடிமராமத்தில் உங்கள் குளத்துக்கு எவ்வளவு செலவானது, யார் பில் வாங்கினார் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

பேர் போட்டு மனு கொடுத்தால் பகை வருமே? முறப்பநாட்டில் நடந்தது தெரியாதா?

தெரியும். அதனால்தான் தனி ஆளாக மனு கொடுக்க வேண்டாம் என்கிறேன். மணல் விஷயம் என்றால் குறிப்பாக. பாசனச் சங்கத்தின் பெயரில், அல்லது கிராம சபைத் தீர்மானமாக, குறைந்தது இருபது முப்பது கையெழுத்தோடு, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுங்கள். போகும்போது பெண்களும் வரட்டும். குடிநீர்க் குடத்தின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும், கேள்வியும் நேராக வரும். மனு எண்ணை வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், ஊர் முழுக்கத் தெரியட்டும். இரவில் டிராக்டரை மறிக்கப் போகாதீர்கள். படம், நேரம், வண்டி எண் போதும், மறிப்பது போலீஸ் வேலை. நடவடிக்கை இல்லை என்றால் அதே மனுவின் நகலோடு அடுத்த கிராம சபையில் எழுந்து, இது என்ன ஆனது என்று தலைவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.